தோழியாக இருக்கலாம், ராணியாக முடியாது



போன மாதம் வாசிப்பு வட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது, பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கேம்ல ரொமான்ஸ் ரூட் போறதா, ஃப்ரெண்ட்ஷிப் ரூட் போறதா, எது சரி தோழர்?" சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இயக்கத்தில் மூத்த ஒருவர், "இதுக்கெல்லாமா நேரம்?" என்று கடிந்துகொண்டார். தம்பி அடங்கிப்போனார். எங்களுக்கோ அந்தக் கேள்வி வீடுவரை கூடவே வந்தது. சினிமாவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம், சீரியலைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறோம். நம் பிள்ளைகள் இரவு இரண்டு மணிவரை கண்விழித்து ஆடும் ஒன்றைப் பற்றிப் பேசுவதில் என்ன இளப்பம்?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ரோல்பிளேயிங் கேம் என்பதில் நீங்கள் ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு கதைக்குள் போகிறீர்கள். கூடவே கூட்டாளிகள் சேருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய கதை, ஒரு காயம், ஒரு கருத்து இருக்கும். நீங்கள் பேசுவதையும் செய்வதையும் பொறுத்து அவர்கள் நண்பர்களாவார்கள், சிலர் காதலர்களாவார்கள். எந்தப் பாதையில் போகிறீர்களோ அதற்கேற்ற காட்சிகள் திறக்கும்.

இதில் எங்களை முதலில் உலுக்கியது பயோவேர் நிறுவனம் 2009-ல் வெளியிட்ட டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ். அதில் நீங்கள் எந்தப் பிறப்பில் தொடங்குகிறீர்கள் என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மனித இனத்துப் பிரபு வீட்டில் பிறக்கலாம், நகரத்து எல்ஃபாகவும் பிறக்கலாம். எல்ஃப்கள் ஒருகாலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். இப்போது சட்டப்படி அடிமைகள் இல்லை, ஆனால் நகரத்துக்குள் சுவர் கட்டி ஒதுக்கப்பட்ட பகுதியில்தான் வாழவேண்டும். பிரபுக்களின் வீடுகளில் வேலைக்காரர்களாக மட்டும் வெளியே வரலாம். அந்தப் பகுதிக்கு கேம் வைத்திருக்கும் பெயர் ஏலியனேஜ். எங்களுக்கு அதற்குச் சேரி என்ற சொல்லே போதும். (காட்டில் தனித்து வாழும் எல்ஃப்களுக்கு டேலிஷ் என்று பெயர். ஒலி ஒற்றுமை தற்செயல்தான், ஆனாலும் திரையில் பார்க்கும்போதெல்லாம் ஏதோ எழுத்துப்பிழை என்றே கண் படிக்கிறது.)

எல்ஃப் பெண்ணாகத் தொடங்கினால் அன்று உங்களுக்குக் கல்யாணம். மணக்கோலத்தில் நிற்கிறீர்கள். அந்த நகரத்துப் பிரபுவின் மகன் தன் ஆட்களோடு சேரிக்குள் நுழைகிறான், மணப்பெண்ணையும் உடனிருந்த பெண்களையும் தூக்கிச்செல்கிறான். உங்களைக் காப்பாற்ற வந்த மாப்பிள்ளை கொல்லப்படுகிறான். எதிர்த்து வாளெடுத்த குற்றத்துக்கு உங்களைத்தான் கைதுசெய்ய வருகிறார்கள். கனடாவில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு நம் ஊர்கள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் கட்டமைப்பு ஒன்றாக இருந்தால் காட்சியும் ஒன்றாகவே வந்து விழுகிறது.

அங்கிருந்து தப்பிப் போகிறவள் அலிஸ்டரைச் சந்திக்கிறாள். நல்லவன், சிரிக்கவைப்பவன். இறந்துபோன அரசனுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவன் என்பதால் சிறுவயதில் குதிரை லாயத்தில் தூங்கி வளர்ந்தவன். ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவனைக் காதலிக்கலாம். கதையின் முக்கால் பாகம் இருவரும் சேர்ந்து நடக்கலாம், சண்டை போடலாம், ஒரே கூடாரத்தில் தூங்கலாம். கடைசியில் அவன் அரசனாகும் நிலை வரும்போது அவளிடம் வந்து சொல்கிறான்: இது இனி நடக்காது. நாட்டுக்கு வாரிசு வேண்டும், நீ எல்ஃப். மந்திரவாதியாகத் தொடங்கியவளுக்கும் குள்ளர் இனத்தவளுக்கும் இதே கதிதான். மனிதப் பிரபு வீட்டுப் பெண்ணாகத் தொடங்கியிருந்தால் மட்டும் அவள் ராணியாகலாம். முன்னாலேயே அவன் மனதை இறுகச் செய்யும்படி பேசிவைத்திருந்தால் எல்ஃப் பெண்ணுக்கும் ஒரு வழி உண்டு: ஆசைநாயகியாக இருந்துகொள்ளலாம்!

இதே அலிஸ்டரை நட்புப் பாதையில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு சிக்கலும் கிடையாது. சேரிக்காரியோடு ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவான், அவளுக்காக உயிரைக் கொடுக்கவும் நிற்பான், அரசனான பிறகும் நண்பனாகவே இருப்பான். நட்புக்கு அரண்மனைக் கதவு திறக்கிறது. மணவறைக்குத்தான் திறக்கவில்லை.

1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து வயது மாணவராக அண்ணல் படித்த கட்டுரை இதைத்தான் சொன்னது: சாதியின் உயிர்நாடி அகமணமுறை. மற்றவை எல்லாம் தளர்ந்தாலும் அது ஒன்று இறுக்கமாக இருக்கும்வரை சாதி சாகாது. நம் ஹாஸ்டல் அனுபவத்தை நினைத்துப் பாருங்கள். நம் வீட்டுக்கு வந்து மாட்டுக்கறி ருசித்துச் சாப்பிட்டவன், "எனக்கெல்லாம் சாதி பார்க்கத் தெரியாது மச்சான்" என்றவன், தங்கச்சி கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்புகிறான், அதுவும் கல்யாணத்துக்கு முந்தைய நாள் ராத்திரி. அவன் கெட்டவன் என்று நாங்கள் சொல்லவரவில்லை. அலிஸ்டரும் கெட்டவன் இல்லை. நட்பு எங்கே நிற்கவேண்டும் என்று இருவருக்கும் யாரோ முன்பே கோடு போட்டுக்கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் "நட்புப் பாதையே மேலானது, காதல் எல்லாம் வெறும் கிளுகிளுப்பு" என்று சில கேமர்கள் பேசும்போது எங்களால் தலையாட்ட முடிவதில்லை. அதைச் சொல்லும் உரிமை, இரண்டு கதவும் திறந்திருப்பவர்களுக்குத்தான் உண்டு. தன் பாலினத்தவரை நேசிக்கும் தோழர் ஒருவர் எங்களிடம் சொன்னார், தான் ஒருவரைப் பார்த்து "உன்னைப் பிடிச்சிருக்கு" என்று பயமில்லாமல் சொன்ன முதல் இடம் ஒரு கேம்தான் என்று. 2023-ல் லாரியன் நிறுவனத்தின் பால்டர்ஸ் கேட் 3 வந்தபோது, அதன் முக்கியக் கூட்டாளிகளை எந்தப் பாலினத்தவரும் எந்த இனத்தவரும் காதலிக்கலாம் என்றே வைத்தார்கள். அந்தத் தோழருக்கு அது கிளுகிளுப்பாகத் தெரியவில்லை.

அப்படியானால் நட்புப் பாதையில் என்ன குறை? குறை அதை அளக்கும் விதத்தில் இருக்கிறது.

ஒரிஜின்ஸில் ஒவ்வொரு கூட்டாளிக்கும் ஓர் அளவுகோல் உண்டு, மைனஸ் 100-லிருந்து பிளஸ் 100 வரை. அவர்களுக்குப் பிடித்ததைச் சொன்னால் ஏறும், பிடிக்காததைச் சொன்னால் இறங்கும். பரிசு கொடுத்தும் ஏற்றலாம். நெருக்கம் கூடினால் அவர்களுடைய சண்டைத் திறனும் கூடும். காதலும் நட்பும் ஏறுவது ஒரே அளவுகோலில்தான், குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் கிளை பிரியும். மோரிகன் என்ற சூனியக்காரி இருக்கிறாள். வழியில் கஷ்டப்படும் ஏழைகளுக்கு உதவினால் அவளுக்குப் பிடிக்காது, எண் இறங்கும். அவள் நட்பு வேண்டுமென்றால் அவளை முகாமில் விட்டுவிட்டுப் போய் உதவவேண்டும், அல்லது உதவி செய்துவிட்டு நகை வாங்கிக்கொடுத்துச் சமாளிக்கவேண்டும். ஆடுகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். எந்தப் பேச்சுக்கு எத்தனை புள்ளி என்று பட்டியலே தேடிப்பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.

ஒருவரின் முகத்தைப் பார்த்து, அவருக்கு எது பிடிக்கும் என்று கணக்குப் போட்டு, அதை மட்டும் பேசி, மனம் கோணாமல் நடந்துகொள்வது. நம் தாத்தாக்கள் ஆண்டை வீட்டு வாசலில் நின்று செய்தது வேறென்ன? பொங்கலுக்குக் கரும்பும் பூசணிக்காயும் கொண்டுபோய்க் கொடுத்தார்களே, அந்தப் பரிசுக்கு எத்தனை புள்ளி ஏறியது? அதற்குப் பெயர் நட்பு இல்லை என்று நமக்குத் தெரியும். இன்று அலுவலகத்திலும் கல்லூரியிலும் நம்மில் பலர் இன்னும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டேதான் வாய் திறக்கிறோம். இடஒதுக்கீட்டைப் பற்றி நண்பர்கள் கிண்டலடிக்கும்போது சேர்ந்து சிரித்துவைக்கிறோம், மைனஸ் வந்துவிடுமோ என்று.

2011-ல் வந்த டிராகன் ஏஜ் 2 இதை மாற்றிப்பார்த்தது. ஒரு முனையில் நட்பு, மறுமுனையில் எதிரிடை. எதிரிடை என்றால் பகை என்று பொருளில்லை. கூட்டாளியின் கருத்தோடு விடாமல் முட்டிக்கொண்டே அவரோடு நெருக்கமாக முடியும். அந்த முனையும் முழுமையடையும், அதற்கும் பலன் உண்டு, அந்த வழியாகக் காதலும் வரலாம். ஒத்தூதினால்தான் உறவு என்ற விதி உடைந்தது. அடுத்த பாகத்தில் இதைக் கைவிட்டுப் பழைய ஒப்புதல் முறைக்கே திரும்பிவிட்டார்கள். எங்களைக் கேட்டால் இந்த வகை கேம்களில் நடந்த நல்ல சோதனைகளில் ஒன்று அது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறிமாறிப் பேசுகிறவருக்கு எதுவுமே முழுமையாகாது என்பது அதன் குறை. வாழ்க்கையிலும் அப்படித்தான் என்று சிலர் சொல்வார்கள்.

அந்த கேமில்தான் ஃபென்ரிஸ் வருகிறான். தப்பி வந்த அடிமை, எல்ஃப். எஜமான் அவன் தோலில் லிரியம் என்ற மந்திரக் கனிமத்தைச் சுட்டுப் பதித்துக் கோடுகளாக்கியிருக்கிறான். அந்த வலியில் முந்தைய நினைவெல்லாம் போய்விட்டது. எஜமானர்கள் மந்திரவாதிகள் என்பதால் மந்திரவாதிகள் அனைவரையும் வெறுக்கிறான். ஆனால் அவன் வந்து சேர்ந்த கிர்க்வால் நகரத்தில் மந்திரவாதிகள்தான் பிடித்து அடைக்கப்பட்டுக் கிடக்கிறார்கள். நீங்களே மந்திரவாதியாக இருக்கலாம், உங்கள் தங்கை மந்திரவாதி. அவன் காயம் உண்மை, அவன் முடிவு தவறு. "ஆமாம் ஆமாம்" என்று தலையாட்டி அவனை நட்பாக்கலாம். "உன்னை வதைத்தவன் ஒருவன், நீ வெறுப்பது ஒரு கூட்டத்தையே" என்று வருடக்கணக்கில் சண்டைபோட்டும் அவனோடு இருக்கலாம். ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குள்ளேயே, உட்சாதிகளுக்குள்ளேயே நாம் நடத்தவேண்டிய, நடத்தத் தயங்கும் பேச்சு இது.

ஒரு காட்சியை மட்டும் சொல்லிவிடுகிறோம். அடிமைகளின் விடுதலைக்காகப் போராடிய ஷார்ட்டன் என்ற எல்ஃபின் புத்தகத்தை அவனுக்குப் பரிசாகக் கொடுக்கலாம். வாங்கிக்கொண்டு அப்படியே நிற்கிறான். பிறகு சொல்கிறான், அடிமைகளுக்குப் படிக்க அனுமதியில்லை. தன் இனத்தின் வரலாறு கையில் இருக்கிறது, எழுத்து தெரியவில்லை. கற்றுக்கொள்ள இன்னும் நேரம் போய்விடவில்லை என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் வட்டத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள்தான் அதிகம். அந்த இடத்தில் கேமை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றதாக இரண்டு பேர் சொன்னார்கள். இந்தக் காட்சிக்கு நீங்கள் அவன் காதலராக இருக்கவேண்டிய அவசியமில்லை. அதே கேமில், பழைய எஜமான் அவனைத் தேடி வரும்போது, அவனை அப்படியே ஒப்படைத்துவிடும் ஆப்ஷனும் இருக்கிறது. அந்த ஆப்ஷன் இருப்பதால்தான் அவனுக்காக நிற்பது நட்பாகிறது. விலை கொடுக்கத் தேவையில்லாத இடத்தில் நட்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

2014-ல் வந்த இன்க்விசிஷனில் டோரியன் இதற்கு நேர்மாறு. அடிமை முறை நடக்கும் டெவின்டர் நாட்டின் உயர்குடி மந்திரவாதி. அங்கே பெரிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கணக்குப்போட்டுக் கல்யாணம் செய்து, குறையில்லாத வாரிசை உருவாக்க முயல்கின்றன. அகமணமுறை என்ற சொல் மட்டும்தான் இல்லை. டோரியன் ஆண்களை நேசிப்பவன். பெண்ணைக் கல்யாணம் செய்து பரம்பரையைக் காப்பாற்ற மறுக்கிறான். பெற்ற தகப்பனே ரத்த மந்திரத்தால் மகனின் இயல்பை மாற்றிவிடத் துணிகிறார். சாதித்தூய்மையின் கத்தி மேலே இருப்பவனின் கழுத்துக்கும் வரும். தகப்பனை அவன் எதிர்கொள்ளும் காட்சி நண்பராக இருப்பவருக்கும் கிடைக்கும். காதலிக்க முடிவது ஆண் கதாபாத்திரத்துக்கு மட்டும்தான்.

இவ்வளவு பட்டவன், தன் நாட்டின் அடிமை முறையைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்கிறான் தெரியுமா? உங்கள் ஊரில் ஏழைகள் குடிசையில் பட்டினி கிடக்கிறார்களே, எங்கள் ஊரில் ஏழை தன்னை விற்றுக்கொண்டு மரியாதையாகச் சாப்பிடலாமே என்கிறான். பண்ணையார்கள் நன்றாகத்தான் வைத்திருந்தார்கள் என்று பேசும் குரல் அது. நல்ல மனசு, நல்ல நகைச்சுவை, சொந்தக் காயமும் உண்டு, ஆனாலும் காலடியில் இருப்பவன் கண்ணில் படவில்லை. இப்படிப்பட்ட நண்பர்கள் நமக்கு இருக்கிறார்களா இல்லையா? அவனோடு அங்கே வாதாடாமல் புன்னகையோடு கடந்துபோகிறவர் அவனுடைய காதலராக இருந்தாலும் சரி, நண்பராக இருந்தாலும் சரி, அவனுக்கு நல்லது எதுவும் செய்யவில்லை.

நட்பை இந்த கேம்களை எழுதுகிறவர்களே இரண்டாம்பட்சமாக வைக்கிறார்கள் என்ற புகாரும் நியாயமானதே. பால்டர்ஸ் கேட் 3-ல் அஸ்டாரியன் என்ற ரத்தக்காட்டேரி, 200 வருடம் ஒருவனுக்கு அடிமையாக இருந்து, அவனுக்கு இரை பிடித்துக்கொடுக்கத் தன் உடலையே தூண்டிலாக்க வைக்கப்பட்டவன். உங்களை நெருங்கியதும் அதே பழக்கத்தில்தான், பாதுகாப்புக்காகப் போட்ட திட்டம்தான் என்று அவன் உடைந்து சொல்வது காதல் பாதையில் போனவரிடம்தான். தன் உடலை மறுபடி தன்னுடையதாக்கிக்கொள்ளப் போராடும் ஒருவனின் கதையில் அவ்வளவு முக்கியமான இடத்தைக் கேட்க, முதலில் அவனோடு படுத்திருக்கவேண்டும் என்பது என்ன நியாயம்? அந்த கேம் வெளியான புதிதில் கூட்டாளிகள் எல்லோரும், முக்கியமாக கேல் என்ற மந்திரவாதி, கொஞ்சம் அன்பாகப் பேசினாலே காதலுக்கு வந்துவிடுகிறார்கள் என்று ஆடியவர்கள் புலம்பினார்கள். ஒப்புதல் எல்லை குறைவாக வைக்கப்பட்டுவிட்ட பிழை அது என்று தயாரிப்பாளர்களே ஒப்புக்கொண்டார்கள். பிழைதான். ஆனாலும் அன்பாகப் பேசினாலே அது காதல்தான் என்று எடுத்துக்கொள்ளும் பிழை மென்பொருளுக்கு மட்டும் உரியதா?

சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலில் உடன் படித்த தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் பட்டியல் சாதி, அந்தப் பெண் வேறு சாதி. கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடலாகக் கிடைத்தார். 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கடத்தியவர்கள் இது நட்புப் பாதையா காதல் பாதையா என்று விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. கேமில் கிளை பிரியும் இடம் ஒன்று உண்டு. இங்கே அதற்கு முன்பே வழியை மறித்துவிடுகிறார்கள். சகோதரத்துவம் என்ற சொல் போதாது, புத்தர் சொன்ன மைத்ரியே சரியான சொல் என்று அண்ணல் எழுதியதை இந்த இடத்தில் வைத்துத்தான் நாங்கள் படிக்கிறோம். பேசிக்கொண்டிருப்பதே உயிரை விலை கேட்கும் நாட்டில் மைத்ரி சாதாரணச் சொல் கிடையாது.

தம்பிக்கு நாங்கள் என்ன பதில் சொன்னோம் என்று கேட்பீர்கள். ரூட் எதுவும் சொல்லவில்லை. 2019-ல் வந்த டிஸ்கோ எலிசியம் கேமை அவர் கணினியில் போடச் சொன்னோம். அதில் குடித்துக் குடித்து நினைவிழந்த போலீஸ்காரன் நீங்கள். கூட்டாளி கிம் கிட்சுராகி என்ற அதிகாரி. காதல் பாதை கிடையாது. நட்புக்கும் திரையில் எண் கிடையாது. உள்ளே எங்கோ கணக்கு ஓடுகிறது, உங்களுக்குக் காட்டமாட்டார்கள். கிம் அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர், ஆனால் முகத்தை வைத்து அவரை அந்நியராகப் பார்ப்பவர்கள் உண்டு. தொடக்கத்திலேயே ஒரு லாரி டிரைவர், "எங்க ஊருக்கு வாங்க" என்பதுபோல அவரிடம் நக்கலாகச் சொல்வான். கிம் கத்தமாட்டார், சண்டைக்குப் போகமாட்டார். வழக்கமாகக் கேட்டுப் பழகியவர் எப்படி நிற்பாரோ அப்படி நிற்பார். நீங்கள் ஏதாவது பேசலாம், பேசாமலும் போகலாம். அந்த டிரைவர் மாதிரியே இனவாதம் பேசி அறிவாளிபோல் காட்டிக்கொள்ளவும் கேம் உங்களை விடும். எல்லாவற்றையும் கிம் பார்த்துக்கொண்டிருப்பார்.

தம்பி ஆடினார். வழக்கு துப்புத் துலக்கும் அவசரம், லாரி டிரைவரிடம் தகவல் வாங்கவேண்டும், அவனைப் பகைத்துக்கொண்டால் தகவல் போய்விடுமோ என்று அந்த நக்கலைக் கேட்காததுபோல் கடந்துவிட்டார். கொஞ்ச தூரம் போனபிறகு சட்டென்று விரலை எடுத்தார். பழைய சேவைத் திறந்து திரும்பிப் போகட்டுமா என்று எங்களைப் பார்த்தார். வேண்டாம், இப்படியே ஆடுங்கள் என்றோம். இரவு பன்னிரண்டரைக்கு அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: "தோழர், கிம் இன்னும் என்கூடத்தான் வர்றார். ஆனா எதுவும் சொல்லமாட்டேங்கிறார்."